வகுப்பறையில் நம் பிள்ளை மௌனமாக இருப்பது ஏன்?

ஆரியசாலை, சாலைக் கடைத்தெருப் பகுதித் தமிழ்க் குடும்பங்களில், தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள் உண்டு. அங்கே பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கும். ஆசிரியரின் விளக்கமோ பல நேரங்களில் மலையாளத்தில் அமைந்துவிடும்.

"நம் பிள்ளைகளுக்கு மலையாளம் தெரியாதா?" என்று கேட்கலாம். கடைத்தெரு மலையாளம் வேறு. வகுப்பறை மலையாளம் வேறு. பொருளியல் வகுப்பில் 'அவசரம்' என்றால் வாய்ப்பு. நமக்கோ அது பதற்றம். உளவியல் வகுப்பில் 'விகாரம்' என்றால் மன உணர்ச்சி, நமக்கோ அழகின்மை. ஒரு சொல் தடுக்கினால் அடுத்து வரும் விளக்கம் முழுவதும் நழுவிவிடும். கேட்டால் சிரிப்பார்களோ என்று பிள்ளை வாய் திறப்பதில்லை. படிப்பில் மந்தம் என்று பெயர் வாங்கி, பாதியிலேயே கல்லூரியை விட்டுவிடும் அபாயமும் உண்டு.

இதற்கு வழிகாட்டி நம் நகரிலேயே இருக்கிறது. ஆக்குளத்தில் உள்ள 'நிஷ்' என்னும் தேசியப் பேச்சு, கேட்புத்திறன் நிறுவனம் 1997-இல் தொடங்கப்பட்டது. 2008-இல் காது கேளாத மாணவர்களுக்குக் கேரளப் பல்கலைக்கழகப் பட்டப் படிப்புகளை அங்கே ஆரம்பித்தார்கள். சைகை மொழியிலும் படங்களின் துணையோடும் பாடம் நடத்தினார்கள். மாணவரைக் குறை கூறாமல் கற்பிக்கும் முறையை மாற்றினார்கள்.

மற்றக் கல்லூரிகளிலும் செலவில்லாமல் செய்யக்கூடியவை சில உண்டு:

1. புதிய கலைச்சொற்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு விளக்குவது.
2. பாடக் குறிப்பை முதல் நாளே கொடுப்பது.
3. ஐயங்களைத் தாளில் எழுதித் தர அனுமதிப்பது.

இவை தமிழ்ப் பிள்ளைக்கு மட்டுமல்ல, காது மந்தமான மாணவருக்கும் கூச்சம் மிகுந்த மலையாள மாணவருக்கும் உதவும்.

உடல் ஊனமுற்ற மாணவர்களுக்குச் சட்டத்தின் துணை உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில், 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளோருக்குக் குறைந்தது 5 சதவீத இடம் ஒதுக்க வேண்டும். எழுதச் சிரமப்படுவோருக்குத் தேர்வில் மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் தர வேண்டும் என மத்திய அரசின் 2018-ஆம் ஆண்டு நெறிமுறைகள் கூறின. மொழிச் சிக்கலுக்கு இச்சட்டம் துணை வராது. அதை நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே பெற்றோர்களே, கல்லூரி திறந்த முதல் மாதத்திலேயே வகுப்பு ஆசிரியரைச் சந்தித்து நிலைமையைச் சொல்லுங்கள். வீட்டில் மார்க்கை விசாரிக்கும் முன், "இன்று எந்தச் சொல் புரியவில்லை?" என்று கேளுங்கள். பட்டம் பெற்ற நம் இளைஞர்கள் தத்தம் பாடத்துக்கு ஆங்கிலம், மலையாளம், தமிழ் மூன்றிலும் சொற்பட்டியல் எழுதித் தந்தால், அடுத்து வரும் தம்பி தங்கையருக்குப் பேருதவியாக இருக்கும்.