கழற்றுமுன் அளந்து பாருங்கள்

உங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு மொறிஸ் மைனர் 1000 நின்றால், அதன் பொனற்றுக்குக் கீழே இருப்பது ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சின் என்று சொல்வதில் பெரிய மிகை இல்லை. 1958 இல் வந்த ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிறைற், பொனற்றின் மேல் இரண்டு விளக்கும் துருத்திக்கொண்டு நின்ற அந்தச் சின்னக் கார், மைனரில் இருந்த அதே 948 சிசி ஏ-சீரிஸ் எஞ்சினில்தான் ஓடியது. மைனருக்கு ஒரு எஸ்.யு. காபரேற்றர், ஸ்பிறைற்றுக்கு இரண்டு. வால்வு ஸ்பிரிங்கும் பெயரிங்கும் சற்று வலுவானவை. 37 குதிரை வலு 43 ஆனது. மற்றப்படி புளொக், ஹெட் எல்லாம் ஒரே குடும்பம். ஆகவே இங்கே சொல்வது இரண்டு காருக்கும் பொருந்தும்.

இந்த எஞ்சினை வீட்டிலேயே கழற்றிப் பூட்டலாம் என்று உலகத்துக்குக் காட்டியவர் இலங்கையில் பிறந்தவர். ஜோன் ஹெய்ன்ஸ் 1938 இல் இங்கே ஒரு தேயிலைத் தோட்ட முகாமையாளரின் மகனாகப் பிறந்தார். பிரித்தானிய விமானப்படையில் சேர்ந்து 1965 இல் ஏடனில் இருந்தபோது, கூட வேலை செய்த ஒருவர் பழைய ஸ்பிறைற் ஒன்றை வாங்கி எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கம்பனி கைநூல் கராஜ்காரருக்காக எழுதப்பட்டது. சொந்தக்காரருக்கு அது உதவவில்லை. ஹெய்ன்ஸ் ஒரு கமராவை எடுத்து, கழற்றும் ஒவ்வொரு கட்டத்தையும் படம்பிடித்தார். அடுத்த ஆண்டு வந்த முதல் ஹெய்ன்ஸ் கைநூல் அந்த ஸ்பிறைற்றுக்குத்தான். அச்சடித்த 3000 பிரதியும் மூன்று மாதத்துக்குள் முடிந்தன. இன்று எல்லோர் கையிலும் கமரா இருக்கிறது. ஒரு வயரை இழுக்குமுன், ஒரு குழாயைக் கழற்றுமுன் படம் எடுங்கள். பிறகு எது எங்கே என்று ஆளையாள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

இந்தக் கார்களைக் கராஜில் விட்டால் ஏன் சிக்கல் வருகிறது? மெக்கானிக்கின் கெட்டித்தனம் குறைந்துவிட்டது என்பதல்ல. நல்ல கராஜொன்றில் ஜப்பான் காருக்கு ஸ்கானரைப் பூட்டினால் குறை என்னவென்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். மைனரில் ஸ்கானர் பூட்ட இடமே இல்லை. பொயின்ற் இடைவெளியையும் எஸ்.யு. காபரேற்றரையும் கையாலும் காதாலும் பழகிய தலைமுறைக்கு வயதாகிவிட்டது. கனபேர் கனடா, லண்டன் என்று போய்விட்டார்கள். மிஞ்சுவது ஊகம். முதலில் காபரேற்றரை மாற்றுவார்கள், பிறகு கொயிலை, பிறகு பம்பை. பில் ஏறும், நோய் அப்படியே இருக்கும்.

பழக்கமில்லாத கை பட்டதா என்று பார்க்க இரண்டு அடையாளம் உண்டு. ஒன்று, மழுங்கின நட். இந்த எஞ்சினின் நட்டெல்லாம் அங்குல அளவு. அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீற்றர், அதில் 13 ஸ்பானரைப் போட்டால் முதல் இரண்டு தடவை திரும்பும், மூன்றாவது தடவை மூலை தேயும். வேறு ஒன்றும் வாங்காவிட்டாலும் அங்குல அளவு ஸ்பானர் செற் ஒன்றை வாங்கிவிடுங்கள். மற்றது பற்றறி. மைனரிலும் முதற்கால ஸ்பிறைற்றிலும் பற்றறியின் நேர்முனைதான் பொடியோடு இணையும். இன்றைய கார்களில் மறைமுனை. பழக்கதோஷத்தில் மாற்றிப் பூட்டினால் டைனமோவின் கட்டவுட் கருகலாம், பிளக்கில் தீப்பொறியும் நலியும். கராஜிலிருந்து வந்த காரில் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

இந்த எஞ்சின்கள் எவ்வளவு தாங்கும் என்பதற்கு யாழ்ப்பாணமே சாட்சி. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டு, வடக்குக்குப் பொருளாதாரத் தடை இறுகியபின் பெற்றோல் மருந்துக்கும் கிடைக்கவில்லை. மைனர், ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிஜ் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல், அதிலிருந்து சேலைன் குழாய் வழியே காபரேற்றருக்கு நாலு சொட்டு. எஞ்சின் ஸ்ராட் ஆகிச் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. அதனால்தான் தொடக்கத்துக்குப் பெற்றோல். பிரித்தானியாவில் பழைய பெர்குசன் உழவு இயந்திரங்கள் சில இதே முறையில், பெற்றோலில் தொடங்கி மலிவு எண்ணெய்க்கு மாறி ஓடுமாறே செய்யப்பட்டிருந்தன. அங்கே தொழிற்சாலை யோசித்துச் செய்ததை இங்கே சேலைன் குழாய் செய்தது.

ஆனால் அதற்கு விலை உண்டு. மண்ணெண்ணெயின் ஒக்டேன் எண் பெற்றோலைவிட மிகக் கீழே. இந்தப் பழைய எஞ்சின்களின் கொம்பிரஷன் குறைவு என்பதால்தான் ஓரளவுக்குத் தாங்கின. அப்படியும் ஏற்றத்தில் கிணுகிணுவென்று தட்டும். எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு சம்பில் இறங்கும். ஓட ஓட டிப்ஸ்ரிக்கில் ஒயில் மட்டம் குறையாமல் கூடினால் காரணம் அதுதான். அந்தக் காலத்தில் ஓடிய எஞ்சின் இன்று உங்கள் கையில் இருந்தால், பிஸ்ரன் றிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஊகிக்க வேண்டாம், அளக்கலாம்.

அதற்கு வேண்டியது ஒரு கொம்பிரஷன் கேஜ். எஞ்சினைச் சூடாக்கி நிறுத்துங்கள். கொயில் வயரைக் கழற்றி, நாலு பிளக்கையும் எடுத்துவிடுங்கள். ஒருவர் அக்சிலறேற்றரை அடிமட்டும் மிதித்துக்கொண்டு ஸ்ராட்டரைச் சில சுற்று ஓட்ட, மற்றவர் பிளக் துளையில் கேஜைப் பிடித்து எண்ணைக் குறிக்க வேண்டும். நாலு சிலிண்டருக்கும் இப்படியே. எண் எவ்வளவு உயரம் என்பதைவிட நாலும் ஒட்டி நிற்கின்றனவா என்பதே முக்கியம். ஒன்று மட்டும் பத்து, பதினைந்து வீதத்துக்கு மேல் இறங்கி நின்றால் அந்தத் துளைக்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் குறை றிங்கில். ஒயில் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து விழுந்தால் நடுவில் கேஸ்கட் போயிருக்கிறது. இந்த அரை மணித்தியால வேலைதான் ஹெட்டைக் கழற்றுவதா, முழு எஞ்சினையும் இறக்குவதா, ஒன்றையும் தொடாமல் விடுவதா என்று தீர்மானிக்கிறது. இதைச் செய்யாமல் "எஞ்சின் இறக்க வேணும்" என்று யாராவது சொன்னால், கேஜ் என்ன சொன்னது என்று கேளுங்கள்.

நாலும் சமமாக வந்தும் கார் இழுக்கவில்லையா? டிஸ்ரிபியூற்றர் மூடியைத் திறவுங்கள். காபரேற்றரின் தலையில் கட்டும் பழியில் பெரும்பங்கு இதற்குரியது. பொயின்ற் இடைவெளி 15 தௌ, அதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15. பிளக் இடைவெளி 25 தௌ. பொயின்ற் கருகிக் குழி விழுந்திருந்தால் கொண்டென்சரையும் சேர்த்து மாற்றுங்கள். எரியும் வரிசை 1-3-4-2.

அடுத்தது வால்வு இடைவெளி. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 12 தௌ. எட்டு வால்வையும் முன்னாலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொள்ளுங்கள். எட்டாவது முழுக்கக் கீழே அமுங்கியிருக்கும்போது முதலாவதைச் சரிசெய்யலாம். ஆறாவது அமுங்கினால் மூன்றாவது. நாலாவது அமுங்கினால் ஐந்தாவது. எப்போதும் கூட்டினால் ஒன்பது. பிளக்குகளை எடுத்துவிட்டு ஸ்ராட்டிங் ஹாண்டிலால் சுற்றினால் எஞ்சின் பூப்போலத் திரும்பும்.

காபரேற்றருக்கு இப்போதுதான் முறை. எஸ்.யு.வின் மேல்மூடியைத் திறந்து தண்டுக்குழியில் மெல்லிய ஒயில் இருக்கிறதா என்று பாருங்கள். அது வற்றினால் மிதித்தவுடன் எஞ்சின் விக்கும். உள்ளிருக்கும் பிஸ்ரனைத் தூக்கி விட்டால் 'டக்' என்று விழ வேண்டும். மெதுவாக இயங்கும் எஞ்சினில் பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றருக்குள் மெல்ல உயர்த்துங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் கலவையில் பெற்றோல் கூட. எஞ்சின் நின்றுபோனால் குறைவு. சற்று ஏறித் திரும்பினால் சரி. ஸ்பிறைற்றில் காபரேற்றர் இரண்டு என்பதால் ஒரு துண்டு றப்பர்க் குழாயைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு வாயிலும் பிடித்துக் கேட்பார்கள். காற்றின் சீறல் இரண்டிலும் ஒரே அளவாக வரும்வரை திருகவேண்டும். காது ஃபானுக்குக் கிட்டப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேஸ்கட்டோ வால்வோ என்று தெரிந்தால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். பற்றறியை விலக்குங்கள், திண்ணையிலோ குசினிக்குப் பக்கத்திலோ பெற்றோலோடு வேலை செய்யாதீர்கள். தண்ணீரை வடிக்க ரேடியேற்றரோடு புளொக்கிலும் ஒரு டப் உண்டு. நம் பக்கத்தில் அந்த டப்பைத் திறந்தால் ஒரு சொட்டும் வராமல் இருப்பது புதினமல்ல. குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக்கல். கேத்தலில் படியும் அதே வெள்ளைச் சுண்ணாம்பு, கிணற்றுத் தண்ணீர் ஊற்றிய புளொக்குக்குள்ளும் ஆண்டாண்டாகப் படிந்திருக்கும். ஒரு கம்பியால் குத்திவிடுங்கள். கேஸ்கட் போனதற்கான மூலகாரணமும் பல தடவை இந்தப் படிவுதான்: தண்ணீர் ஓட வழியில்லாமல் எஞ்சின் கொதிக்க, ஹெட் வளைகிறது. திருத்தியபின் கூலன்ற்றோடு வடித்த தண்ணீரோ, முதல் மழையைக் கழியவிட்டுப் பிடித்த மாரி மழைத் தண்ணீரோ விடுங்கள்.

ஹெட்டைப் பிடித்திருப்பவை ஒன்பது நட். நடுவிலிருந்து வெளியே, ஒவ்வொன்றாகக் கொஞ்சங் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். தள்ளுகம்பி எட்டையும் இழுக்குமுன் சற்றுச் சுழற்றுங்கள். இல்லாவிட்டால் கீழிருக்கும் தப்பெற்றும் ஒட்டிக்கொண்டு மேலே வரும். ஒரு மட்டையில் எட்டுத் துளை போட்டு வரிசையாகக் குத்தி வையுங்கள், ஒவ்வொன்றும் தன் இடத்துக்கே திரும்ப வேண்டும். ஹெட் அசையவில்லை என்று ஸ்குரூட்ரைவரை இடுக்கிலே நுழைத்து நெம்பினால் முகம் கீறும், பிறகு எந்தக் கேஸ்கட்டும் நிற்காது. மரக்கட்டையால் பக்கவாட்டில் தட்டுங்கள்.

ஹெட் வந்ததும் பிஸ்ரன் தலையைத் துடைத்துப் பாருங்கள். 20, 40 என்று எண் பொறித்திருந்தால், சிலிண்டர் ஏற்கனவே அத்தனை தௌ அகலமாக்கப்பட்டிருக்கிறது. றிங் வாங்கும்போது அந்த எண் வேண்டும். டைனமோவுக்கு மேலே புளொக்கில் உள்ள எஞ்சின் இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்: 9எம் என்று தொடங்கினால் மைனரின் 948, 10எம்ஏ என்றால் பிந்திய 1098, 9சி என்றால் ஸ்பிறைற். இலக்கம் தெரியாமல் சாமான் வாங்கக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்குப் போனால் வெறுங்கையோடோ பிழையான கேஸ்கட்டோடோ திரும்புவீர்கள். ஏ-சீரிஸ் எஞ்சின் மினி காரில் 2000 ஆம் ஆண்டுவரை இருந்ததால் பிரித்தானியாவில் இன்றும் சாமான் தாராளம். லண்டனிலிருந்து வரும் சொந்தக்காரரின் பெட்டியில் ஒரு கேஸ்கட் செற்றுக்கு இடம் இருக்கும்.

வால்வைப் பசை போட்டு உரைப்பது வீட்டு வேலை. ஹெட்டை மட்டப்படுத்துவதும் சிலிண்டரை அகலமாக்குவதும் கிராங்கை அரைப்பதும் லேத் பட்டறை வேலை, இவற்றில் கைவைக்காதீர்கள். புகைபோக்கிப் பக்க வால்வின் இடைவெளி சரிசெய்யச் சரிசெய்யச் சுருங்கிக்கொண்டே வந்தால் வால்வு இருக்கை தேய்கிறது என்று பொருள். இந்த ஹெட்கள் ஈயம் கலந்த பெற்றோலை நம்பிச் செய்யப்பட்டவை. ஈயம் அந்த இருக்கைக்கு ஒரு காப்பாக இருந்தது, இன்றைய பெற்றோலில் அது இல்லை. மண்ணெண்ணெயிலும் ஈயம் இருக்கவில்லை என்பதையும் சேர்த்து நினையுங்கள். பட்டறையில் கடினமான வளையம் பதித்தால் தீரும்.

பூட்டும்போது புதுக் கேஸ்கட்டில் மேல்பக்கமும் முன்பக்கமும் எழுதியிருப்பதைப் பார்த்து வையுங்கள். நட்டை நடுவிலிருந்து வெளியே மூன்று சுற்றாக இறுக்கி, ரோர்க் ரெஞ்சில் 40 அடி-இறாத்தலில் நிறுத்துங்கள். கைக்கணக்கு வேண்டாம். ஓடிச் சூடாகி முழுக்கக் குளிர்ந்தபின் ஒரு தடவையும், ஒரு சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் இன்னொரு தடவையும் அதே அளவுக்கு இறுக்குங்கள். ராக்கர் தூண்களைப் பிடித்திருப்பதும் இந்த நட்டுகளில் நாலு என்பதால், ஒவ்வொரு தடவை இறுக்கியபின்னும் வால்வு இடைவெளியை மறுபடி பார்க்க வேண்டும்.