ஹாக்கி ஜோஸ்யம்

2023 ஆகஸ்டு 12-ந் தேதி இராத்திரி, எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பைக்கான இறுதி ஆட்டம். இடைவேளையில் மலேசியா 3, இந்தியா 1. முடிவில் இந்தியா 4, மலேசியா 3! ஆகாஷ்தீப் சிங் கடைசிக் கோலை அடித்தபோது ஆட்டம் முடிய ஐந்து நிமிஷங்கூட இல்லை.

இடைவேளையில் ஜோஸ்யச் சீட்டைத் திருத்தியவர் கதி என்ன? ஆகையால், கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் திருவள்ளூரிலும் வேலை பார்க்கும் ஹாக்கி அபிமானிகள் இம்மாதிரி சிநேகிதப் போட்டி நடத்தினால், ஆட்டம் தொடங்குமுன் சீட்டுகள் உறைக்குள் போய்விட வேண்டும். இராத்திரி ஷிப்டுக்காரர் முதல் நாளே கொடுத்துவிடட்டும். உறையைக் காப்பவர் போட்டியில் சேரலாகாது. வீட்டு அம்மாளைவிட நல்ல நீதிபதி கிடைப்பது அரிது.

ஜெயிக்கும் கோஷ்டியைச் சொன்னால் ஒரு புள்ளி. கோல் கணக்கும் சரியானால் மூன்று. அரை இறுதி முதல் இரட்டிப்பு. லீக் ஆட்டத்தில் ஜப்பானுடன் 1-1 என்று நின்ற இந்தியா, அரை இறுதியில் அதே ஜப்பானை 5-0 என்று வென்றதை எந்த ஜோஸ்யர் கண்டார்?

பணம் மட்டும் வைக்கவே கூடாது. பத்து ரூபாய்க்காகப் பேச்சு நின்றுபோன சிநேகிதங்களை நாம் அறிவோம். கடைசி ஸ்தானம் பெற்றவர் எல்லோருக்கும் காப்பி வாங்கித் தரட்டும். நீதிபதி அம்மாளுக்கு முதல் டம்ளர்.