முதல் வரியிலேயே விஷயத்தைச் சொல்லுங்க!

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன யூனிட்டில் வேலை பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை போக வேண்டிய 500 பிராக்கெட், வியாழன்தான் ரெடியாகும். கஸ்டமருக்கு மெயில் தட்டுகிறீர்கள். ‘சனிக்கிழமை பவர் கட், அப்புறம் டை உடைஞ்சுபோச்சு, ஆபரேட்டர் லீவு...’ வியாழன் என்ற வார்த்தை கடைசி வரியில்! அவரோ பூந்தமல்லி பஸ்ஸில் நின்றபடி போனைப் பார்க்கிறார். நோட்டிஃபிகேஷனில் தெரிவது பவர் கட் மட்டும்தான். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று அவர் விட்டுவிட்டால், திங்களன்று அவர் லைன் நின்றுபோகும்.

நடந்த வரிசையிலேயே எழுதுவது நம்ம பழக்கம். அவருக்கோ முடிவெடுக்கத் தேவையானதுதான் முதலில் வேண்டும். ‘500 பிராக்கெட் வியாழன் மதியம் வரும். 200 மட்டும் திங்களன்றே அனுப்பலாம், வேண்டுமா?’ அப்புறம் காரணம்: டை உடைந்தது, புதுசு புதன்கிழமை வருகிறது. பவர் கட்டால் தாமதமே இல்லைன்னா, அதைத் தூக்கிடுங்க.

1963-ல் மெக்கின்சியில் சேர்ந்த பார்பரா மின்டோ இதைத்தான் பிரமிட் முறை என்றார்: உச்சியில் பதில், கீழே காரணங்கள், அதற்கும் கீழே விவரங்கள். நம்ம நன்னூலும் நூலுக்கான பத்து அழகுகளில் ஒன்றாக, பொருளை முறையாக அடுக்குவதைச் சொல்கிறது.

அனுப்பும் முன் முதல் வரியை மட்டும் படித்துப் பாருங்கள். அதை வைத்து கஸ்டமர் ஒரு பதில் போட முடியுமா?