தகவல் துளி: கடற்பசு சொல்லித்தரும் பாடம்

கோட்டைப்பட்டினம் கரையில் நின்று பார்த்தால் பாக் விரிகுடாவில் விசைப்படகுகள்தான் கண்ணில் படும். ஆழம் குறைந்த அந்தக் கடலுக்கு அடியில் பெரிய புல்வெளிகளும் உண்டு. கடற்புல் பாசி இனம் அல்ல. வேர்விட்டு, பூத்து, விதை தரும் தாவரம் அது. மண்ணைப் பிடித்து வைக்கும். மீன் குஞ்சுகளுக்கும் இறாலுக்கும் இடம் கொடுக்கும்.

அந்தப் புல்லை மேய்கிற விலங்கு கடற்பசு. நம் மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். நாளொன்றுக்கு 30 கிலோவுக்கு மேல் தின்றாலும் அது தன் மேய்ச்சல் நிலத்தைப் பாழாக்குவதில்லை. மேய்ந்த இடத்தில் புதுத் தளிர் வரும், சாணம் உரமாகும், விதைகளும் பரவும். எடுப்பதும் கொடுப்பதும் ஒரே செயலாக நடக்கிறது. எவ்வளவு புல் கிடைத்தாலும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கவும் அது தவறுவதில்லை. ஓயாமல் கைப்பேசியில் மூழ்கிக் கிடக்கும் நமக்கு இதில் பாடம் இருக்கிறது.

தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பை, நாட்டின் முதல் கடற்பசு பாதுகாப்பகமாக 2022 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடையும் உண்டு. போதும் என்று நிறுத்தத் தெரிவதும் ஒரு வழிபாடுதான். வலையில் கடற்பசு சிக்கினால் உயிரோடு விடுவித்து, வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.