மழலையர் விஞ்ஞானக் கல்வியில் ஆசிரியையின் பங்கு

திருவனந்தபுரத்தைச் சேர்ந்த கழக்கூட்டத்தில் 1990-ஆம் ஆண்டு 'டெக்னோபார்க்' என்னும் தொழில்நுட்பப் பூங்கா நிறுவப்பெற்றது. கணிப்பொறித் துறையினர் பல்லாயிரவர் அங்குப் பணிபுரிகின்றனர். அத்தொழிலுக்கு வேண்டிய ஆராயும் பழக்கம் கல்லூரியில் திடீரெனத் தோன்றுவதன்று. அங்கன்வாடிப் பருவத்திலேயே அதற்கு வித்திட இயலும்.

விஞ்ஞானம், தொழில்நுட்பம், பொறியியல், கலை, கணிதம் ஆகிய ஐந்தையும் ஒரே செயலில் இணைத்துக் கற்பிக்கும் முறை 'ஸ்டீம்' கல்வி எனப்படுகிறது. குழந்தை மணலில் வாய்க்கால் வெட்டி, கரையை அழகுபடுத்தி, தேங்காய்ச் சிரட்டையால் நீரை அளந்து ஊற்றும்போது இவ்வைந்தின் தொடக்கமும் அவ்விளையாட்டில் அமைந்துவிடுகிறது. விலையுயர்ந்த கருவிகள் இதற்கு வேண்டுவதில்லை. அவ்வேளையில் ஆசிரியை செய்ய வேண்டுவது யாது என்பதே ஆராய்ச்சியாளரின் வினா.

எலிசபெத் பொனாவிட்ஸ் முதலிய அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2011-இல் வெளியிட்ட சோதனை ஒன்று கருதத்தக்கது. பல செயல்கள் மறைந்துள்ள பொம்மையொன்று குழந்தைகளுக்குத் தரப்பட்டது. குழாயை இழுத்தால் ஒலி எழும் என்று சிலருக்கு நேரே கற்பிக்கப்பட்டது. வேறு சிலர் முன்னிலையில் அவ்வொலி தற்செயலாக எழுந்ததுபோல் காட்டப்பட்டது. கற்பிக்கப்பட்டவர் பெரும்பாலும் அவ்வொன்றையே திரும்பச் செய்தனர். மற்றவரோ மேலும் பல செயல்களைத் தாமே கண்டறிந்தனர்.

ஆயின், ஆசிரியை வாளாவிருத்தலும் தகாது. வகுப்பில் எண், அளவு பற்றி ஆசிரியை மிகுதியாகப் பேசுமிடத்துக் குழந்தைகளின் கணித அறிவும் மிகுதியாக வளர்கிறது என 2006-இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு காட்டிற்று.

இரண்டையும் சேர்த்து நோக்கின் வழி புலனாகும். ஆசிரியை பேச வேண்டும். ஆனால் விடையை முந்திக் கூறலாகாது. "இப்பானை நிரம்ப எத்தனை சிரட்டை நீர் வேண்டும்?" என வினவி, குழந்தை ஊற்றிப் பார்க்கும் வரை காத்திருத்தலே அவர்தம் கலை.

காத்திருப்பதற்கோ காலம் வேண்டும். 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்கீழ், அங்கன்வாடி ஆசிரியை கல்வியுடன் சத்துணவு, எடை பார்த்தல், பதிவேடு முதலிய பல கடமைகளையும் ஏற்றுள்ளார். ஊட்டத்துடன் கல்வியையும் வலியுறுத்தி மத்திய அரசு 2023-இல் அங்கன்வாடிப் பணியாளருக்கான பயிற்சித் திட்டமொன்றைத் தொடங்கிற்று. அத்தகைய பயிற்சியில் வினவும் திறனும், அன்றாடப் பணியில் அதற்குரிய ஓய்வும் இடம்பெறின், சிரட்டையும் மணலுமே சிறந்த ஆய்வுக்கூடமாகும்.