கோழிக்குப் போய் டாக்டரா?

நாரணாபுரத்தில் காலையில் பட்டாசு ஆலை வேலைக்கு ஆட்கள் கிளம்பிவிட்டால் வீட்டில் மிஞ்சுவது கிழடுகளும் கோழிகளும்தான். சாயங்காலம் திரும்பி வந்தால் பஞ்சாரத்துப் பக்கம் இறகு சிதறிக் கிடக்கும். நாய் பாய்ந்திருக்கும், இல்லையென்றால் கீரி. கோழிக்கு உயிர் இருந்தால் வீட்டில் இரண்டு பேச்சு எழும்: “அறுத்துருவோமா?” “மஞ்சப் பத்துப் போட்டுப் பாப்போமா?” ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவோம் என்று யாரும் வாய் திறப்பதில்லை. கோழிக்குப் போய் டாக்டரா என்ற கூச்சம். கோழியும் போய், கிடைக்க வேண்டிய காசும் போவது அந்தக் கூச்சத்தால்தான்.

கடித்தது வெறிநாயோ என்ற சந்தேகம் இருந்தால் அறுக்கும் பேச்சே வேண்டாம். அந்தக் காயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

அடிபட்ட கோழியைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது சந்தைப் பழக்கம். அதை விடவேண்டும். கோழிக்கு நமக்கிருப்பது போன்ற உதரவிதானம் கிடையாது. தலைகீழாகத் தொங்கினால் உள்ளுறுப்பெல்லாம் சரிந்து மூச்சை அடைக்கும். பழைய வேட்டித் துணியில் இறக்கையோடு சுற்றி, அட்டைப் பெட்டிக்குள் இருட்டாக வைத்தால் பாதிப் பதற்றம் அடங்கிவிடும். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். அலகு நனையக் கிண்ணத்தை நீட்டினால் தானே குடிக்கும்.

பிறகு இறகை விலக்கிப் பாருங்கள். நாய்ப்பல் மேலே மிளகளவு ஓட்டைதான் போட்டிருக்கும். உள்ளே தோல் சதையை விட்டுக் கழன்றிருக்கும். கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் ஒரு சிறு கரண்டி உப்பு. அதை ஊசி மாட்டாத சிரிஞ்சில் எடுத்து, அழுக்கு வெளியே வரும்வரை பீய்ச்ச வேண்டும். அப்புறம் போவிடோன் அயோடினைக் கடுந்தேநீர் நிறத்துக்குக் கலக்கித் தடவலாம். மண்ணெண்ணெய் ஊற்றும் கைவைத்தியம் இன்னும் இருக்கிறது. அது வெந்த சதையைத்தான் மிச்சம் வைக்கும். ஈ மொய்த்துப் புழு வைத்துவிட்டால் இடுக்கியால் எடுத்துவிட்டு, தேங்காய் எண்ணெயில் பொடித்த கற்பூரம் கலந்து தடவுங்கள். ரத்தச் சிவப்பைக் கண்டால் மற்ற கோழிகள் கொத்தும். ஆறும்வரை தனிக்கூடுதான்.

தீனிப்பை கிழிந்து தின்ற தவிடு வெளியே வந்தால் வீட்டு வைத்தியம் உதவாது, தையல் வேண்டும். எங்கள் பக்கத்துக்கே உரிய இன்னொரு காயம் சணல் நூல். பட்டாசுக்குக் கட்டுக்கட்டும் நூல் துண்டு கோழிக்காலில் சுற்றி, நாலே நாளில் விரல் கறுத்துவிடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, நகவெட்டியால் ஒவ்வோர் இழையாக நறுக்குங்கள். ஒரே இழுப்பாக இழுத்தால் தோல் உரிந்துவிடும்.

கடிபட்டது அடைக்கோழியாக இருந்தால் முட்டைகளின் கதி? பொரிக்க 21 நாள். வேறு அடைக்கோழி இருந்தால் அன்று இரவே அதன் அடியில் மாற்றிவிடலாம். பென்சிலால் தேதி குறித்துவைத்தால் எது பழசு என்று குழப்பம் வராது. ஏழாம் நாள் ராத்திரி முட்டையை வெளிச்சத்தில் பார்க்க, வெடிமருந்து படாத புதுக் காகிதக்குழாய் ஒன்று போதும். செல்போன் டார்ச்சின் மேல் குழாயை நிறுத்தி, முட்டையின் அகன்ற முனையை அதில் வையுங்கள். சிலந்திக்கால் போல நரம்பு ஓடினால் உயிர் இருக்கிறது. வெறும் மஞ்சளாகத் தெரிந்தால் கரு கூடவில்லை. சேவல் இல்லாத வீட்டு முட்டை இப்படித்தான்.

இடி இடித்தால் கூமுட்டையாகும் என்று அடைப்பெட்டியில் கரியும் இரும்புத் துண்டும் போடும் வழக்கம் நமக்கு உண்டு. நாரணாபுரத்தில் இடிக்கா பஞ்சம்? ஆனால் சத்தம் முட்டையைக் கெடுப்பதைவிடக் கோழியை மிரட்டி எழுப்புவதுதான் தொல்லை. எழுந்தது திரும்பி உட்காராவிட்டால் முட்டை குளிர்ந்து கரு செத்துப்போகும். இரும்பைவிட, சத்தம் கேட்கும் பக்கத்துக்கு எதிர்மூலையில், சாக்குப் படுதா தொங்கவிட்ட இருட்டுப் பெட்டி மேல். பதினெட்டாம் நாளுக்குப் பிறகு முட்டையைத் தொட வேண்டாம். ஓட்டில் விரிசல் விட்ட குஞ்சை உரித்தெடுக்கவும் வேண்டாம். அது வெளியே வர ஒரு நாள்கூட ஆகலாம். வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு அதற்குத் தீனி.

ஆலை உடுப்பு அலசிய தண்ணீரைக் கோழி குடிக்கும் இடத்தில் கொட்டாதீர்கள். வெடிமருந்து உப்புகள் நஞ்சு. வெடிமருந்துக் கழிவை யாராவது கொட்டிப் போனால் நீங்களே அள்ளவோ எரிக்கவோ கூடாது. மாசுக்கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்கும் போலீசுக்கும் சொல்வதே முறை.

இனி உரிமைப் பேச்சு. அரசு கால்நடை மருந்தகம் மாட்டுக்கு மட்டும் கட்டியதல்ல. நடமாடும் மருத்துவ வண்டிக்கு 1962 என்ற எண். பிப்ரவரியில் வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி முகாம் இலவசமாக நடக்கும். எட்டு வாரம் தாண்டிய கோழியைக் கொண்டுபோகலாம். ஆன்டிபயாடிக் கொடுத்தால், முட்டையை எத்தனை நாள் சாப்பிடக் கூடாது என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். மனிதருக்கான மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். கொலிஸ்டின் என்ற மருந்தைக் கோழி உள்ளிட்ட உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுக்க 2019-இலேயே மத்திய அரசு தடை போட்டுவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரர் ஆத்திரத்தில் விஷ அரிசி வைத்தால் அது வாய்ச்சண்டையோடு போகிற விஷயமில்லை. பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு, விலங்கின் விலை எவ்வளவு என்ற கேள்வியே இல்லாமல். பழைய 1960-ஆம் ஆண்டு வதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய்தான். ஒரு முட்டை விலைக்குப் பக்கத்தில்.

தெருநாய் கடித்துச் செத்தால் இழப்பீடு தர 2025-இல் தமிழக அரசு முடிவெடுத்தது: மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 6,000, கோழிக்கு 200. நல்ல சேவலின் விலைக்கு இருநூறு எம்மாத்திரம் என்று கேட்கலாம்தான். ஆனால் நான்கு பேர் மனுக்கொடுத்தால்தான் அந்தத் தெருவில் நாய் பெருகியிருப்பது ஏட்டில் ஏறும். கருத்தடை செய்யச் சொல்லி உள்ளாட்சியைக் கேட்கவும் பிடிமானம் கிடைக்கும். கால்நடை உதவி மருத்துவரிடம் காட்டி இறப்புக்குக் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள், கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். நகரவில்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு. எல்லாவற்றுக்கும் கடிபட்ட கோழியின் படம் வேண்டியிருக்கும். குழி தோண்டுமுன் போனை எடுங்கள்.