மார்பக அறுவை சிகிச்சை: முதல் முறையே கடைசி முறையா?

மார்பகம் சிறியதாக இருப்பதாக மனத்துக்குள் புழுங்கும் பெண்கள் நம்மிடையே குறைவில்லை. தாயிடம் சொல்ல வெட்கம், கணவரிடம் கேட்கத் தயக்கம். கடைசியில் அழகு நிலையத்தின் விளம்பரத்தை மட்டும் நம்பிப் புறப்பட்டு விடுகிறார்கள். மார்பகத்தைப் பெரிதாக்கிக் கொள்வது அவரவர் விருப்பம். ஆனால், எதற்குச் சம்மதிக்கிறோம் என்பதை முழுமையாகத் தெரிந்து கொண்ட பிறகே சம்மதிக்க வேண்டும்.

1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் தாமஸ் குரோனின், ஃபிராங்க் ஜெரோ என்ற இரு மருத்துவர்கள் முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு சிலிகோன் பைகளைப் பொருத்தினர். இன்று சிலிகோன் நிரப்பிய பை, உப்பு நீர் நிரப்பிய பை என இருவகை உண்டு. புற்றுநோயால் மார்பகத்தை இழந்த பெண்களுக்கும் இவை பயன்படுகின்றன.

சிகிச்சை எப்படி நடக்கிறது?

பெரும்பாலும் முழு மயக்கம் கொடுத்தே செய்கிறார்கள். ஒன்று முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும். மார்பகத்தின் அடி மடிப்பிலோ, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்திலோ, அக்குளிலோ கீறி, மார்புத் தசைக்கு மேலாகவோ கீழாகவோ பையை வைப்பார்கள். எங்கே கீறினாலும் தழும்பு இருக்கும்; காலப்போக்கில் மங்கும். புகைப்பவர்களுக்குக் காயம் ஆறத் தாமதமாகும் என்பதால், சில வாரங்களுக்கு முன்பே புகைப்பதை நிறுத்தச் சொல்வார்கள்.

முதல் சில நாட்களுக்கு வலி, வீக்கம், இறுக்கம் இருக்கும். உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் பலர் ஒரு வாரத்தில் திரும்பி விடுகிறார்கள். ஆனால், பாரம் தூக்குவதையும் கடும் உடற்பயிற்சியையும் சில வாரங்களுக்குத் தவிர்க்க வேண்டும். கைக்குழந்தை உள்ள தாய்மார்கள் வீட்டில் உதவிக்கு ஆள் வைத்துக் கொள்வது அவசியம். மார்பகம் தன் இயல்பான வடிவில் அமையச் சில மாதங்கள் ஆகலாம்.

விளம்பரத்தில் வராதவை

உடல் அந்நியப் பொருளைச் சுற்றி ஒரு திசு உறையை உண்டாக்கும். சிலருக்கு அந்த உறை சுருங்கி இறுகி, மார்பகம் கல் போலாகி வலிக்கும். கிருமித் தொற்று, காம்பில் உணர்ச்சி குறைதல், பை கிழிதல் ஆகியவையும் நேரலாம். உப்பு நீர்ப் பை கிழிந்தால் மார்பகம் சுருங்கிக் காட்டிக் கொடுத்து விடும். சிலிகோன் பையோ வெளியே தெரியாமலே கிழிந்திருக்கலாம். அதனால், பொருத்திய ஐந்தாறு ஆண்டுகளிலும், பிறகு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறையும் ஸ்கேன் பரிசோதனை செய்யுமாறு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பரிந்துரைக்கிறது.

இந்தப் பைகள் ஆயுள் முழுவதும் நிலைப்பவை அல்ல என்றும் அந்நிர்வாகம் எச்சரிக்கிறது. ஆண்டுகள் கூடக் கூட, சிக்கலுக்கும் மறு அறுவை சிகிச்சைக்கும் வாய்ப்பு கூடும். முப்பது வயதில் பொருத்திக் கொள்பவர் நாற்பதிலோ ஐம்பதிலோ மீண்டும் அறுவை மேசையில் படுக்க நேரிடலாம். அந்தச் செலவையும் இன்றே கணக்கில் சேர்க்க வேண்டும். பையை அகற்றினால் தோல் தொங்கவும் கூடும்.

புற்றுநோய் வருமா?

சாதாரண மார்பகப் புற்றுநோயை இந்தப் பைகள் உண்டாக்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால், பையைச் சுற்றிய திசுவில் அரிதாக ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் வருவதுண்டு. சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட பைகளோடு அது அதிகம் தொடர்புடையது. அதனால்தான் 2019இல் அலர்கன் நிறுவனம் அத்தகைய பைகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது. ஆண்டுகள் கழித்து ஒரு பக்கம் மட்டும் வீங்கினால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மேமோகிராம் எடுக்கச் செல்லும்போது, பை பொருத்தியிருப்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

தாய்ப்பால் கொடுக்க முடியுமா என்பது இளம் பெண்களின் கேள்வி. பலரால் முடிகிறது. ஆனால், கருவட்டத்தில் கீறியிருந்தால் பால் குறைய வாய்ப்பு உண்டு. கர்ப்பத்தால் மார்பக வடிவமும் மாறும். ஆகவே, விரைவில் குழந்தை பெற நினைப்பவர்கள் பொறுத்திருப்பது நல்லது.

யாரிடம் செல்வது?

பிரான்சின் பிஐபி நிறுவனம் மருத்துவத்துக்கு அனுமதிக்கப்படாத, தொழிற்சாலைத் தர சிலிகோனைப் பைகளில் நிரப்பி விற்றது 2010இல் அம்பலமானது. பல நாடுகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் பாதிக்கப்பட்டனர். ஆகவே, பையின் பெயர், தொகுதி எண் கொண்ட அட்டையைக் கேட்டு வாங்கி, பத்திரப்படுத்த வேண்டும். மருத்துவரின் பெயர் மலேசியாவில் தேசிய நிபுணர் பதிவேட்டிலோ, சிங்கப்பூரில் மருத்துவ மன்றத்தின் நிபுணர் பதிவேட்டிலோ உள்ளதா என்று பார்க்கலாம். அழகு நிலையத்திலோ ஹோட்டல் அறையிலோ மலிவாக ஊசி போட்டுப் பெரிதாக்குவதாகச் சொன்னால், அந்தப் பக்கமே போகக்கூடாது. மார்பகத்தில் செலுத்தும் சிலிகோன் திரவம் உடலெங்கும் பரவி உயிரையே பறிக்கலாம்.

கணவர் சொன்னார், தோழி செய்து கொண்டாள் என்பதெல்லாம் போதுமான காரணங்கள் ஆகா. நல்ல மருத்துவர் அவசரப்படுத்த மாட்டார். கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்வார். வேண்டாம் என்று திருப்பி அனுப்பவும் தயங்க மாட்டார். "இன்றே முன்பணம் கட்டினால் கழிவு" என்று சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவதே புத்திசாலித்தனம்.